போல்டர் வென்ச்சர் ஃபீல்ட் வாட்ச்: வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற கேள்விங்க

போல்டர்னு சிங்கப்பூர்ல ஒரு சின்ன வாட்ச் கம்பெனி இருக்கு, பெரிய குரூப் எதுக்கும் கீழ இல்லாம தனியா நடத்தறாங்க. அவங்களோட வென்ச்சர்ங்கற மாடல் பத்தித்தான் இது. 38 மில்லிமீட்டர், டைட்டானியம் கேஸ், சஃபையர் கண்ணாடி, உள்ள ஜப்பான் ஆட்டோமேட்டிக், 200 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ஸ், விலை 300 அமெரிக்க டாலரை ஒட்டி, நம்ம வெள்ளில (சிங்கப்பூர் டாலர்) 400 கிட்ட வரும். நான் கட்டிட்டு சுத்தறதைப் பாத்துட்டு கேக்கறவங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க, அதனால மொத்தமா எழுதி வச்சுட்டேன். கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது, என் காசுல வாங்கினது.

ஃபீல்ட் வாட்ச்னா என்ன? சாதா வாட்ச்சுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பட்டாளத்துக்காரங்க கட்டற வாட்ச், அவ்ளோதான். முதல் உலகப் போருக்கு முன்னாடி ஆம்பளைங்க கடிகாரத்தை சங்கிலி போட்டு பாக்கெட்லதான் வச்சிருந்தாங்க, மணிக்கட்டுல கட்டறது பொம்பளைங்க நகைன்னு ஒரு நினைப்பு. பதுங்கு குழிக்குள்ள துப்பாக்கியைப் பிடிச்சிட்டு நிக்கறவன் பாக்கெட்டைத் துழாவிட்டு இருக்க முடியுமா, அதுவும் பீரங்கி எத்தன மணிக்கு ஓயுது ஆளுங்க எத்தன மணிக்கு மேல ஏறணும்னு நிமிஷக் கணக்கு வச்சு நடந்த சண்டை, அதனால கடிகாரத்துல கம்பி வளையம் பத்தவச்சு வார் போட்டு கைக்கு கொண்டு வந்துட்டாங்க.

ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா ஏ-11னு ஒரு ஸ்பெக் (வாட்ச் எப்படி இருக்கணும்ங்கற விதிமுறை) எழுதி எல்ஜின், வால்தம், புலோவா மாதிரி கம்பெனிங்ககிட்ட செய்யச் சொன்னாங்க. கறுப்பு டயல், வெள்ளை நம்பர், கிரவுனை (சாவி கொடுக்கற பக்கவாட்டுக் குமிழ்) இழுத்தா செகண்ட் முள் நிக்கணும். பிரிட்டன்காரங்க அவங்க ஸ்பெக்கை 12 கம்பெனிங்ககிட்ட கொடுத்தாங்க, ஒமேகா, லான்ஜின்ஸ், ஐடபிள்யூசி, வெர்டெக்ஸ், டைமோர் எல்லாம் அந்த லிஸ்ட்ல உண்டு. அது வந்து சேந்த 1945ல சண்டையே முடியற நேரம் ஆயிடுச்சு. கலெக்டருங்க இப்ப 'டர்ட்டி டஜன்'னு சொல்லி விலையை ஏத்தி வச்சிருக்கறது அந்த 12தான். அப்புறம் 1964ல அமெரிக்கா எம்ஐஎல்-டபிள்யூ-46374னு இன்னொரு ஸ்பெக் எழுதினாங்க, அது மலிவு வாட்ச்சுக்கு, சர்வீஸே வேணாம், கெட்டுப்போனா தூக்கிப் போட்டுட்டு வேற கட்டிக்கோன்னு.

இப்ப கடைல ஃபீல்ட் வாட்ச்னு விக்கற எதை எடுத்தாலும் இந்த மூணுல ஒண்ணோட சாயல் இருக்கும். ஒரே பார்வைல நேரம் தெரியணும், அடி வாங்கினா சாகக்கூடாது. மத்ததெல்லாம் அலங்காரம்.

டயலுக்கு உள்ள 13ல இருந்து 24 வரைக்கும் சின்னதா எழுதியிருக்கே, அது எதுக்கு?

மிலிட்டரில சாயங்காலம் ஏழு மணின்னு சொல்ல மாட்டாங்க, 1900ன்னு சொல்வாங்க. கணக்குப் போட்டு நிக்காம இருக்கறதுக்கு உள் வட்டத்துல அந்த நம்பர். வெளிய இருக்கறவங்களுக்கு பெருசா உபயோகம் இல்ல, ஆனா அது இல்லன்னா ஃபீல்ட் வாட்ச் மாதிரியே தெரிய மாட்டேங்குது. சில பேருக்கு அது டயலை அடைச்சாப்ல தெரியும், அவங்க சொல்றதும் நியாயம்தான்.

300 டாலருக்கு டைட்டானியம், சஃபையர் ரெண்டும் எப்படி கட்டுப்படியாகுது? டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்ல. பெரிய பிராண்டு வாட்ச் ஒண்ணை நீங்க ஷோரூம்ல வாங்கறப்ப கடைக்காரர் லாபம், ஏஜென்ட் லாபம், ஆர்ச்சர்ட் ரோடு வாடகை, போஸ்டர்ல சிரிக்கற நடிகர் சம்பளம்னு எல்லாத்துக்கும் சேத்துத்தான் கொடுக்கறீங்க. சின்ன கம்பெனிங்க நேரா ஆன்லைன்ல விக்கறாங்க. டிசைன் இவங்களோடது, கேஸ், டயல், முள்ளு எல்லாம் ஆர்டர் கொடுத்து வெளிய செஞ்சு வாங்கறாங்க, சீனால ஷென்சென் பக்கம் இதுக்குன்னே தொழிற்சாலைங்க நிறைய இருக்கு. மூவ்மென்ட், அதாவது உள்ள ஓடற இஞ்சின், ரெடிமேடா வாங்கிப் போடறது. பேட்ச் பேட்ச்சா போடுவாங்க, தீந்துபோச்சுன்னா அடுத்த பேட்ச் வரைக்கும் காத்திருக்கணும், சில கலர் திரும்ப வராமலே போயிடும்.

சின்ன பிராண்டுங்கற பேர்ல ஏமாத்தறவங்களும் இருக்காங்க. கேட்லாக்ல இருக்கற 40 டாலர் வாட்ச்ல பேரை மட்டும் அடிச்சு, 'எங்கள் பயணம்'னு கதை எழுதி, 250 டாலருக்கு விப்பாங்க. கண்டுபிடிக்கறது கஷ்டம் இல்ல. எந்த மூவ்மென்ட்னு மாடல் நம்பரோட போட்டிருக்கானா பாருங்க. 'ஜப்பானிய துல்லிய இயந்திரம்'னு மொட்டையா எழுதியிருந்தா ஓடிருங்க. லக் டு லக் நீளம் (வார் மாட்டற மேல்கொம்புல இருந்து கீழ்கொம்பு வரைக்கும்), கேஸ் உயரம், எந்த கிரேடு மெட்டல் இதெல்லாம் எழுதாதவன்கிட்ட கேட்டுப் பாருங்க, பதில் வரலன்னா அவனுக்கே தெரியலன்னு அர்த்தம்.

உள்ள இருக்கறது செய்கோ இஞ்சினாமே, அப்ப செய்கோவே வாங்கிட்டு போலாமே?

இந்தக் கேள்விதான் முக்கியம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

உள்ள இருக்கறது என்ஹெச்35. செய்கோ குரூப் மத்த கம்பெனிங்களுக்குன்னு செஞ்சு விக்கற மூவ்மென்ட், செய்கோ தன்னோட வாட்ச்சுல 4ஆர்35ன்னு போட்டுக்கறதும் இதேதான். 24 ஜூவல் (தேய்மானத்தைக் குறைக்கற குட்டிக் கல்), மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது செகண்ட் முள் ஒரு செகண்டுக்கு ஆறு தடவை தாவும், முழுசா சாவி ஏறினா 41 மணி நேரம் ஓடும். கையால சாவி கொடுக்கலாம், நேரம் வைக்கறப்ப செகண்ட் முள்ளும் நிக்கும். பழைய செய்கோ 5ல இருந்த 7எஸ்26ல இந்த ரெண்டும் கிடையாது, ஆட்டி ஆட்டித்தான் ஓட வைக்கணும்.

வாட்ச் ஆளுங்க நிறைய பேர் என்ஹெச்35ன்னதும் மூஞ்சியை சுளிப்பாங்க. சாதாரண இஞ்சின், பிசிறு தட்டின ஃபினிஷ், சுவிஸ் மாதிரி வழுக்கிட்டு ஓடாதுன்னு. எல்லாம் உண்மைதான். ஆனா சின்ன கம்பெனி வாட்ச்ல இந்த சாதாரண இஞ்சின்தான் உங்களைக் காப்பாத்தப் போகுது. யோசிச்சுப் பாருங்க, நாளைக்கே கம்பெனி கடையை மூடிட்டா சர்வீஸ் சென்டர் கிடையாது, ஏஜென்ட் கிடையாது, யாரை கேக்கறது? என்ஹெச்35 இருந்தா யாரையும் கேக்க வேணாம். இந்த மூவ்மென்ட் உலகம் பூரா கிடைக்குது, புதுசே ஒரு 50 வெள்ளிக்குப் பக்கத்துலதான், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ இருக்கற கடிகாரக் கடைக்காரர் பின் மூடியைத் திறந்து பழசை எடுத்துட்டு புதுசைப் போட்டு முள்ளை மாட்டிக் கொடுத்துடுவார். அவர் பிராண்டு பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார், கேள்விப்படணும்னு அவசியமும் இல்ல. இதுவே ஒரு குட்டி கம்பெனி நாங்களே சொந்தமா டிசைன் பண்ணின மூவ்மென்ட்னு பெருமையா விக்குதுன்னா, ஐநூறு ஆயிரம் டாலர் ரேஞ்சுல நான் அதைத் தொடமாட்டேன். அழகா இருக்கும், ரிப்பேருக்கு உலகத்துல ஒரே ஒரு இடம்தான் இருக்கும்.

சரி, செய்கோவே வாங்கலாமே? தாராளமா வாங்கலாம். செய்கோ 5 ஸ்போர்ட்ஸ்ல 39.4 மில்லிமீட்டர்ல ஃபீல்ட் டயல் வருது, 4ஆர்36, தேதி கிழமை ரெண்டும் இருக்கும், 100 மீட்டர். இதைவிட விலையும் கம்மியா கிடைக்கும். ஆனா அதுல கண்ணாடி ஹார்ட்லெக்ஸ் (செய்கோவோட மினரல் கண்ணாடி), கேஸ் ஸ்டீல், கிரவுன் திருகற டைப் இல்ல. நீங்க வென்ச்சருக்கு கூடுதலா கொடுக்கற காசு இஞ்சினுக்கு இல்ல, கண்ணாடிக்கும் மெட்டலுக்கும்தான். அது உங்களுக்கு வேணுமான்னு மட்டும் பாருங்க.

ஒரு நாளைக்கு எவ்ளோ தப்பும்?

என்ஹெச்35க்கு கம்பெனி கொடுக்கற கணக்கு ஒரு நாளைக்கு மைனஸ் 20ல இருந்து பிளஸ் 40 செகண்ட் வரைக்கும். கேக்கவே பயமா இருக்கும், ஆனா நல்லா அட்ஜஸ்ட் பண்ணி அனுப்பறவங்ககிட்ட வாங்கினா பத்துப் பதினஞ்சு செகண்டுக்குள்ளதான் பொதுவா நிக்கும். ரொம்ப தப்பினா பின்னாடி திறந்து ஒரு சின்ன நெம்புகோலை மயிரிழை நகர்த்தினா போதும், கடைக்காரருக்கு அஞ்சு நிமிஷ வேலை. ராத்திரி கழட்டி வைக்கறப்ப டயல் மேல பாக்க வைக்கறதா, கிரவுன் கீழ இருக்கற மாதிரி நிமித்தி வைக்கறதான்னு மாத்திப் பாருங்க, எப்படி படுத்திருக்குங்கறதைப் பொறுத்தே சில செகண்ட் ஏறி இறங்கும்.

துல்லியம்தான் வேணும்னா பேட்டரி வாட்ச் வாங்குங்க. 20 வெள்ளி கேசியோ ஒரு மாசத்துக்கே அரை நிமிஷம்தான் தப்பும். மெக்கானிக்கல் வாட்ச் அந்தப் போட்டிக்கே வராது.

நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு, திடீர்னு நிமிஷக் கணக்குல வேகமா ஓடுதே?

காந்தம் ஏறியிருக்கும். ஃபோன் கவர்ல, ஐபேட் மூடில, ஹேண்ட்பேக் பட்டன்ல, ஸ்பீக்கர்ல எல்லாத்துலயும் காந்தம் இருக்கு. உள்ள இருக்கற முடி மாதிரி ஸ்ப்ரிங்கோட சுத்துங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா நீளம் குறைஞ்ச கணக்கு ஆகி துடிப்பு வேகமாயிடும். ஃபோன்ல காம்பஸ் ஆப்பைத் திறந்து வாட்ச்சை மெதுவா பக்கத்துல கொண்டு போங்க, ஊசி நல்லா ஆடுச்சுன்னா பெரும்பாலும் அதுதான். கடைல காட்டினா நிமிஷத்துல எடுத்துடுவாங்க, அந்த மெஷினே ஆன்லைன்ல பத்துப் பதினஞ்சு வெள்ளிதான். கேஸ் டைட்டானியம், அதுல காந்தம் ஏறாது, ஆனா உள்ள இருக்கற இஞ்சின் டைட்டானியம் இல்ல.

டைட்டானியம்னா கீறல் விழாதுன்னு சொல்றாங்களே?

தப்பா சொல்றாங்க. டைட்டானியத்தோட பெருமை எடைதான், ஸ்டீலை விட நாப்பது சதவீதத்துக்கு மேல லேசு. கட்டியிருக்கறதே மறந்துபோகும். தொட்டா ஸ்டீல் மாதிரி ஜில்லுன்னு இருக்காது, வேர்வைக்கு துருப்பிடிக்காது, நிக்கல் அலர்ஜி இருக்கறவங்களுக்கு நிம்மதி, ஏன்னா சாதா 316எல் ஸ்டீல்ல நிக்கல் பத்து சதவீதத்துக்கு மேல இருக்கு. ஆனா கோட்டிங் இல்லாத டைட்டானியம் ஸ்டீல் மாதிரியேதான் கீறும், கீறல் கொஞ்சம் கறுத்தாப்ல தெரியும். மேல கெட்டியான கோட்டிங் போட்டு விக்கற கம்பெனிங்களும் உண்டு, சிங்கப்பூர்லயே ரைஸ்னு இன்னொரு சின்ன பிராண்டு, அவங்களோட ரெசொல்யூட்ங்கற ஃபீல்ட் வாட்ச்ல டைட்டானியத்து மேல 1,200 விக்கர்ஸ் (கடினத்துக்கான ஒரு அளவு) கோட்டிங், சாதா ஸ்டீல் 200ஐ ஒட்டித்தான் வரும். கீறலைப் பாத்தா தூக்கம் வராதுன்னா அந்தப் பக்கம் போங்க.

எனக்கு கீறல் பிரச்சினை இல்ல. புது வாட்ச்ல முதல் கீறல் விழற வரைக்கும்தான் வேதனை, அப்புறம் தைரியமா கட்டலாம்.

கண்ணாடி கதை வேற. கடினத்துக்கான மோஸ் அளவுல சஃபையர் 9, மணல் 7, அதனால சுவத்துல தரைல உரசினாலும் கண்ணாடில ஒண்ணும் தெரியாது. ஆனா ஓரத்துல நல்லா இடிச்சா சிதறிடும், மினரல் கண்ணாடி கீறும் ஆனா அவ்ளோ சுலபமா சிதறாது.

200 மீட்டர்னு போட்டிருக்கே, கட்டிட்டே குளிக்கலாமா, நீச்சல் அடிக்கலாமா?

நீச்சல் தாராளமா. 30 மீட்டர்னு போட்டிருக்கற வாட்ச்தான் வம்பு, அதை வச்சுட்டு 30 மீட்டர் ஆழம் போகலாம்னு நினைச்சுடாதீங்க, கை கழுவினா பரவால்லங்கற அளவுதான் அது. 100 இருந்தா நீச்சல், 200 இருந்தா கடல்ல எப்படி விளையாடினாலும் கவலை இல்ல. சுடுதண்ணிக் குளியல், சானா மட்டும் வேணாம், சூட்டுல ரப்பர் வாஷர் தளரும், நீராவி உள்ள போயிட்டு ஏசி ரூம்ல கண்ணாடிக்குள்ள பனி மாதிரி பிடிக்கும். கடல்ல போயிட்டு வந்தா பைப் தண்ணில அலசிடுங்க.

ஆனா இது எல்லாமே கிரவுனை ஒழுங்கா திருகி மூடியிருந்தாத்தான். திருகறதுலயும் ஒரு பக்குவம் இருக்கு. லேசா அழுத்தி, முதல்ல எதிர்ப்பக்கமா ஒரு சுத்து திருப்புங்க, மரை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உக்கார்ற இடத்துல விரலுக்கே தெரியும் ஒரு சின்ன 'டக்'. அப்புறம்தான் மூடற பக்கம் திருகணும். எடுத்ததுமே அழுத்தித் திருகினா கோணலா ஏறி மரை போயிடும், டைட்டானியத்துல மரை ஒண்ணோட ஒண்ணு கவ்வி ஒட்டிக்கற குணம் வேற இருக்கு. இறுகினதும் நிறுத்திடுங்க, பலத்தைக் காட்டாதீங்க.

இருட்டுல தெரியுமா? விடிய விடிய எரியுமா?

தெரியும். முன்னாடி காலத்துல ரேடியம் பூசினாங்க, அது தானா எரியும், பூசின பொண்ணுங்க எத்தனையோ பேர் அதாலயே செத்துப்போனாங்க. இப்ப நிறைய பேர் போடற சூப்பர்லூமினோவா வெளிச்சத்தைக் குடிச்சு வச்சுட்டு திரும்பக் கொடுக்கற பொருள், கதிர்வீச்சு கிடையாது. வெயில்ல இருந்து உள்ள வந்ததும் பளிச்சுன்னு இருக்கும், அரை மணில பாதியாயிடும், விடியக்காலைல கண்ணு இருட்டுக்குப் பழகியிருந்தா முள்ளு எங்க இருக்குன்னு தெரியும். நாள் பூரா சட்டைக் கைக்குள்ள இருந்துட்டு ராத்திரி எரியலன்னு திட்டறவங்க இருக்காங்க, அதுக்கு வாட்ச் என்ன பண்ணும். ராத்திரி முழுக்க ஒரே மாதிரி எரியணும்னா டிரிட்டியம் குழாய் வச்ச வாட்ச்தான், கனடாக்காரங்க மாரத்தான் போடறது மாதிரி. அதுலயும் டிரிட்டியத்தோட அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம், அப்புறம் பாதி வெளிச்சம்தான்.

என் கை சின்னது, 38 சரியா இருக்குமா?

இருக்கும். போர்க்காலத்து ஒரிஜினல் எல்லாம் 32ல இருந்து 38 வரைக்கும்தான், 44 எல்லாம் நேத்து வந்த ஃபேஷன். அகலத்தைவிட முக்கியம் லக் டு லக், அதாவது வார் மாட்டற மேல்கொம்புல இருந்து கீழ்கொம்பு வரைக்கும் நீளம். உங்க மணிக்கட்டு மேல்பக்கம் தட்டையா இருக்கற இடத்தை ஸ்கேல் வச்சு அளங்க, அதைவிட அந்த நீளம் கம்மியா இருந்தா வாட்ச் கைல உக்காரும், ஜாஸ்தியா இருந்தா கூரை மாதிரி ரெண்டு பக்கமும் துருத்தும். பொண்ணுங்களும் இதைக் கட்டறாங்க, என் தங்கச்சி கைல பாத்தா என் கைல இருக்கறதைவிட எடுப்பா இருக்கு.

எந்த ஸ்ட்ராப் போடறது?

நம்ம ஊர் புழுக்கத்துக்கு தோல் வார் வேணவே வேணாம். ரெண்டு மாசத்துல உள்பக்கம் கறுத்து, நாறி, மடிப்புல வெடிச்சிரும். சென்னைக்கும் இதே பதில்தான். 20 மில்லிமீட்டர் நைலான் வார் ரெண்டு மூணு வாங்கி வச்சுக்கோங்க, மாத்தி மாத்திப் போட்டு அழுக்கானதை சோப்புத் தண்ணில துவைச்சுக் காய வைங்க.

நேட்டோ ஸ்ட்ராப்னு விக்கறது பேருக்குத்தான் நேட்டோ, அது 1973ல பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை எழுதின ஒரு ஸ்பெக். ஸ்டோர்ல அதை வாங்க சிப்பாய்ங்க ஜி1098ங்கற ஃபாரத்தை நிரப்பணும், அதனால ஜி10ன்னும் சொல்வாங்க. அதுல ஒரு நல்ல விஷயம், ஒரே துண்டு ரெண்டு ஸ்ப்ரிங் பார் (வாரை வாட்ச்ல பிடிச்சு வைக்கற கம்பி) வழியாவும் ஓடறதால ஒரு பக்கம் பார் பிச்சுக்கிட்டாலும் வாட்ச் இன்னொரு பார்ல தொங்கிட்டு கைலயே இருக்கும், கீழ விழாது. கெட்ட விஷயம், வாட்ச்சுக்கு அடில துணி மடிப்பு வர்றதால கைல ஒரு மில்லிமீட்டர், ஒண்ணரை மில்லிமீட்டர் தூக்கி நிக்கும். ரப்பர் வேணும்னா எஃப்கேஎம்னு (ஃப்ளூரோ ரப்பர்) கேட்டு வாங்குங்க, மலிவு சிலிக்கான் தூசியை எல்லாம் இழுத்துக்கும். வாரத்துக்கு ஒரு தடவை பழைய பல் தேய்க்கற பிரஷ்ஷால லக்குக்கு உள்பக்கம் தேய்ச்சு விடுங்க, அங்க சேர்ற வேர்வை உப்புதான் ஸ்ப்ரிங் பாரைத் தின்னுது.

வாட்ச்சை வச்சு திசை கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்களே, இதுல முடியுமா?

மணி முள்ளை சூரியனைப் பாத்து நீட்டி வச்சா, அதுக்கும் 12க்கும் நடுவுல இருக்கறது தெற்குன்னு ஒரு வித்தை. ஐரோப்பாவுல சரியா வரும். சிங்கப்பூர்ல சுத்தமா வராது, பூமத்திய ரேகைக்கு மேல ஒரு டிகிரி சொச்சத்துல இருக்கோம், மத்தியானம் சூரியன் தலைக்கு மேல நிக்குது, முள்ளை எதைப் பாத்து நீட்டறது? அதுவும் மார்ச் கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் உச்சி சூரியன் நமக்கு வடக்குப் பக்கம், அப்ப வித்தையே தலைகீழ். போதாக்குறைக்கு நம்ம கடிகாரம் சூரியனை விட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது, இங்க சூரியன் உச்சிக்கு வர்றது 12க்கு இல்ல, ஒரு மணி வாக்குல. சென்னை 13 டிகிரி, அங்கயும் ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும் உச்சி வெயில் வடக்குல இருந்துதான். மெக்ரிச்சி காட்டுக்குள்ள வழி தெரியலன்னா ஃபோனை எடுங்க.

தம்பி, மகன் என்எஸ் (சிங்கப்பூர் கட்டாய ராணுவ சேவை) போறான், டெக்கோங் தீவுப் பயிற்சிக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா?

வேணாம் அக்கா. பட்டாளத்து வாட்ச்னு சொல்லி வளந்ததா இருந்தாலும் இன்னைக்கு பட்டாளத்துல கட்ட வேண்டியது இது இல்ல. ரைஃபிள் உதைக்கற உதை, சேத்துல தவழறது, முட்டியும் முழங்கையுமா விழறதுன்னு போகும், மெக்கானிக்கல் வாட்ச்சோட பேலன்ஸ் வீல் ஊசி மாதிரி அச்சுல நிக்குது, ஷாக் தாங்கற அமைப்பு இருந்தாலும் அதைப் போய் சோதிக்கணுமா? கீழ போட்டாலும் உடையாத வாட்ச்னு வச்சுத்தான் ஜி-ஷாக்கை கேசியோ 1983ல கொண்டு வந்தாங்க, சாதா சதுர மாடல் நூறு வெள்ளிக்குக் கீழயே கிடைக்கும். அலாரம், ஸ்டாப்வாட்ச், லைட் எல்லாம் அவனுக்கு தினம் தேவைப்படும், வென்ச்சர்ல அது ஒண்ணும் கிடையாது. அதை வாங்கிக் கொடுங்க. இதை ஓஆர்டி ஆகி, அதாவது சேவை முடிச்சு வர்றப்ப பரிசா கொடுங்க, பத்திரமா வச்சுப்பான்.

முஸ்தபால கிடைக்குமா?

லிட்டில் இந்தியா முஸ்தபா கடைல நான் பாத்ததில்ல. அங்க செய்கோ, கேசியோ, சிட்டிசன், ஓரியன்ட்னு வரிசையா இருக்கும், ஒரு காலத்துல எஸ்என்கே809ங்கற கறுப்பு டயல் செய்கோ 5 அங்க நூறு வெள்ளிக்குள்ள கிடைச்சுட்டு இருந்துச்சு, 37 மில்லிமீட்டர், பாத்தா அசல் ஃபீல்ட் வாட்ச், பலபேருக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சதே அதுலதான். செய்கோ அதை நிறுத்திட்டாங்க. வென்ச்சரை கம்பெனி சைட்லயே வாங்கிக்கலாம், சிங்கப்பூர்ல 9 சதவீதம் ஜிஎஸ்டியையும் கணக்குல வச்சுக்கோங்க. ஊருக்கு கூரியர்ல அனுப்பச் சொல்றவங்க கஸ்டம்ஸ் டூட்டியும் அதுக்கு மேல ஜிஎஸ்டியும் தனியா வரும்னு தெரிஞ்சு ஆர்டர் போடுங்க, வாசல்ல கூரியர்காரரோட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

ஊர்ல அப்பாவோட ஹெச்எம்டி இருக்கு, அதையே கட்டலாமே, எதுக்கு இது?

அப்பாவோடதுன்னா யோசிக்கவே வேணாம், அதைக் கட்டுங்க. ஹெச்எம்டி 1961ல ஜப்பான் சிட்டிசன்கூட சேந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது. ஜவான்னு ஒரு மாடல் பேருக்கேத்த மாதிரி பட்டாளத்துக்குன்னே போட்டது, 17 ஜூவல், தினமும் சாவி கொடுக்கணும். நம்ம பக்கத்து ஃபீல்ட் வாட்ச் அதுதான். ஒரே விஷயம், தண்ணிகிட்ட கொண்டு போகாதீங்க.

அப்பா கைல இருந்து வராம, ஆன்லைன்ல 1,500 ரூபாய்க்கு 'ஒரிஜினல் ஹெச்எம்டி பைலட்'னு பளபளன்னு வர்றது வேற சமாசாரம். பழைய இஞ்சினுக்கு புது டயல் அடிச்சு, எங்கெங்கயோ இருந்து முள்ளு கேஸ் எல்லாம் சேத்து ஒப்பேத்தினது, கலெக்டருங்க அதை மும்பை ஸ்பெஷல்னு கிண்டல் பண்ணுவாங்க. ஐம்பது வருஷத்து வாட்ச்ல டயல் மட்டும் நேத்து அச்சடிச்ச கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தா விட்டுருங்க.

தினமும் சாவி கொடுக்கணுமா? கழட்டி வச்சா நின்னுடுமா?

கைல கட்டி நடமாடினாலே உள்ள இருக்கற அரைவட்டத் தட்டு சுத்தி சாவி ஏத்திக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி கழட்டி வச்சா ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஓடும், திங்கக்கிழமை செத்திருக்கும். எடுத்ததும் ஆட்டாதீங்க, கிரவுனைத் திறந்து இருபது முப்பது சுத்து கொடுத்துட்டு நேரம் வச்சுக் கட்டிக்கோங்க. தேதி இருக்கற மாடல்னா ராத்திரி 9ல இருந்து விடியக்காலை 3 வரைக்கும் தேதியை கிரவுனால மாத்தாதீங்க, அந்த நேரம் பல்சக்கரம் தேதித் தட்டைக் கடிச்சுட்டு இருக்கும், பல்லு உடைஞ்சுடும். முள்ளை முதல்ல கீழ 6 கிட்ட கொண்டு போயிட்டு அப்புறம் தேதியை மாத்தறது சுலபமான வழி.

சர்வீஸ் எத்தன வருஷத்துக்கு ஒரு தடவை?

அஞ்சாறு வருஷம். உண்மையைச் சொல்லணும்னா முழு சர்வீஸுக்கு கேக்கற காசுல புது என்ஹெச்35 ரெண்டு வாங்கலாம், அதனால நல்லா ஓடற வரைக்கும் விட்டுட்டு, தகராறு பண்ணா இஞ்சினையே மாத்திக்கறதுதான் கணக்குக்கு வரும். ரப்பர் வாஷர் மட்டும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தி பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க, நீச்சல் போறவங்க கண்டிப்பா. ஒருத்தர்கிட்ட வேற ஒரு வாட்ச்சைக் கொடுத்து வாஷர் மாத்தச் சொன்னப்ப பின் மூடியை இடுக்கி மாதிரி ஒண்ணை வச்சுத் திருகி நாலு கோடு போட்டுக் கொடுத்தார். அதனால கொடுக்கறதுக்கு முன்னாடி மூடி திறக்கற சரியான கருவி வச்சிருக்காரான்னு பாத்துக்கோங்க.

பின்னாடி வித்தா காசு தேறுமா?

தேறாது. பாதி வந்தா சந்தோஷப்படுங்க. விக்கற எண்ணம் இருந்தா ஹாமில்டன் காக்கி ஃபீல்ட் மெக்கானிக்கல் பாருங்க, அதுவும் 38 மில்லிமீட்டர், கையால சாவி கொடுக்கறது, 80 மணி நேரம் ஓடும், ஸ்வாட்ச் குரூப் பேர் இருக்கறதால பழசுக்கும் ஆள் வருவாங்க. ஆனா விலை வென்ச்சரை விட நல்லா ஜாஸ்தி, தண்ணிக்கு 50 மீட்டர்தான், ஸ்டீல்.

எந்த டயல் கலர் எடுக்கறது?

கறுப்புல வெள்ளை எழுத்து. மத்த கலர்லாம் ஃபோட்டோல நல்லாத்தான் இருக்கு, ஆனா மணல் கலர், வெளிர் பச்சை மாதிரி டயல்ல முள்ளும் வெளிர்னு இருந்தா எம்ஆர்டி ரயில்ல நின்னுட்டு ஒரு பார்வை பாக்கறப்ப முள்ளைத் தேட வேண்டியிருக்கு. நாப்பது தாண்டினவங்க, வெள்ளெழுத்து வந்தவங்க கறுப்பைத் தவிர வேற எடுக்காதீங்க. இருபத்தஞ்சு வயசுன்னா எந்தக் கலர் வேணாலும் எடுங்க, உங்க கண்ணு தாங்கும்.